இரவில் அரை மணி வேலை. காலையில் வீடெல்லாம் நிம்மதி!

காலைப் பலகாரத்தைக் காலையில்தான் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் பல வீடுகளில் பொழுது விடிந்த பிறகுதான் அடுப்பும் பற்றுகிறது, சண்டையும் பற்றுகிறது.

7 மணிக்குள் பலகாரம் வேண்டும். 7.30 மணிக்குள் மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்க வேண்டும். 8 மணிக்குப் பள்ளிக்கூட வேன் வாசலில் வந்து நிற்கும். கணவருக்குப் பஸ் பிடிக்க வேண்டும். மனைவியும் வேலைக்குப் போகிறவள் என்றால், அவளுக்கும் பஸ் உண்டு!

ஒரே சமையல் அறை. ஒரே ஆள். ஒரே நேரத்தில் ஐந்து வேலை!

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தோசை வேகக் குறைந்தது இரண்டரை நிமிடம். வீட்டில் நாலு பேர். ஆளுக்கு மூன்று என்றால் 12 தோசை. அதற்கே அரை மணி ஓடிவிடும். அதற்குள் சட்னி அரைக்க வேண்டும், சாதம் வடிக்க வேண்டும், பிள்ளையின் தலையைப் பின்ன வேண்டும்.

கடைசியில் என்ன நடக்கிறது? மூன்று பேருக்குத் தோசை கிடைக்கிறது. நாலாவது ஆள் பட்டினி. அந்த நாலாவது ஆள் யார் என்று சொல்லவும் வேண்டுமா? தோசை சுட்டவள்தான் அவள்!

இந்தப் பாட்டுக்கு ஒரு முடிவு உண்டு. அது மிகவும் எளிய முடிவு. காலைப் பலகாரத்தின் பாதி வேலையையாவது முந்தின இரவே முடித்துவிட வேண்டும்.

பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறுமா?

காலையில் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு ஆசிரியர் சொல்வது காதில் விழும், மனதில் தங்காது. கண் கரும்பலகையில் இருக்கும். நினைப்பு மணி அடிப்பதிலேயே இருக்கும்.

1950-களில் காமராஜர் ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடப்பட்டது. பசி இருந்தால் படிப்பு வராது என்பதை அன்றே நாடு புரிந்துகொண்டது. ஆனால் மதியம் வரையில் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

அதற்கும் ஒரு வழி வந்தது. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அது நடந்தது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கொடுக்கப்பட்டன.

நல்ல காரியம்தான். ஆனால் அது 1-ம் வகுப்பு முதல் 5-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. 6-ம் வகுப்புக்குப் போனதும் பிள்ளையின் வயிறு சுருங்கிவிடுமா? கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் பசி இல்லையா? ஆலைக்குப் போகும் தகப்பனுக்கும் பசி இல்லையா? அவர்களுக்கு வீட்டு அடுப்புதான் கதி.

ஆகவே காலை உணவு என்பது வீட்டின் கடமை. அந்தக் கடமையை அவசரத்தில் செய்வதா, அமைதியாகச் செய்வதா என்பதுதான் கேள்வி.

பாட்டிமார் கண்ட வழி

"முந்தின நாளே செய்து வைப்பதா? இது என்ன புதுப் பழக்கம்?" என்று சிலர் கேட்கக் கூடும்.

இது புதுப் பழக்கமே அல்ல. மிகவும் பழைய பழக்கம்!

பழைய சோறு என்பது என்ன? இரவே தயாரான காலை உணவுதானே! மீந்த சோறு ஆறியதும் அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, மண் சட்டியில் மூடி வைத்தார்கள். இரவு முழுவதும் அதில் புளிப்பு நுண்ணுயிர்கள் வளர்ந்தன. காலையில் இலேசான புளிப்போடு சோறு தயார். மோர் விட்டு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அந்த நீராகாரத்தைக் குடித்துவிட்டு உச்சி வெயில் வரையில் ஏர் உழுதார்கள்.

அடுப்பு மூட்டவில்லை. விறகு செலவில்லை. யாரும் யாரையும் கூச்சல் போட்டு எழுப்பவில்லை.

கூழும் அப்படித்தான். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைப்பார்கள். மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சுவார்கள். அதற்கு அடுத்த காலையில் மோர் விட்டுக் கரைத்தால் கூழ். வயலுக்குப் போகிறவர் ஒரு செம்பு குடித்தால் போதும்.

பழைய சோறு என்றால் ஏழையின் உணவு என்று ஒரு காலத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்றைக்கு அதே பழைய சோறு நகரத்து ஓட்டல்களில் மண் சட்டியில் விலை போகிறது. சோறு மாறவில்லை. பார்க்கிற கண்தான் மாறியது!

இட்லியின் ரகசியம்

சரி, பழைய சோறு வேண்டாம் என்கிறவர்களும் இட்லி வேண்டாம் என்று சொல்வதில்லை. இட்லி என்ன, காலையில் பிறக்கிற பலகாரமா? அதுவும் இல்லை!

நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். முந்தின நாள் நாலு மணி நேரம் ஊற வேண்டும். மாலையில் அரைக்க வேண்டும். இரவு எட்டு முதல் பத்து மணி நேரம் புளிக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். இவ்வளவும் முடிந்த பிறகு காலையில் பாக்கி இருப்பது என்ன? மாவைத் தட்டில் ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேக வைப்பது மட்டும்தான்.

இட்லி அவ்வளவு வீடுகளில் நிலைத்ததற்கு ருசி மட்டும் காரணம் அல்ல. காலையில் வேலை குறைவு. அதுதான் பெரிய காரணம்.

ஆட்டுக்கல் இருந்த காலத்தில் அந்த மாலை வேலை இடுப்பை ஒடித்தது. 1950-களில் கோவையில் மின்சார கிரைண்டர் பிறந்தது. கை ஓய்ந்தது. இப்போது தெருமுனைக் கடையிலேயே அரைத்த மாவு கிடைக்கிறது. வேலை குறைந்துகொண்டேதான் வந்திருக்கிறது. ஆனால் காலைப் பரபரப்பு மட்டும் குறையவில்லை. ஏன்? திட்டம் இல்லை!

அதே மாவில் 12 தோசை சுட அரை மணி ஆகும். ஒரே ஈட்டில் 16 இட்லி அவிக்கக் கால் மணி போதும். பள்ளி நாளில் இட்லி, ஞாயிற்றுக்கிழமை தோசை என்று வைத்துக்கொண்டாலே பாதித் தொல்லை தீரும்.

முன்கூட்டியே எதைச் செய்யலாம்?

ரவையை வாரம் ஒரு நாள் மொத்தமாக வறுத்து டப்பாவில் போட்டு வைக்கலாம். காலையில் உப்புமா பத்து நிமிட வேலை.

அடைக்கு அரிசியையும் பருப்பையும் இரவே ஊறப் போடலாம். காலையில் அரைத்தவுடனே வார்க்கலாம். அடை மாவுக்குப் புளிக்க வேண்டிய அவசியம் இல்லை.

பச்சைப் பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றை இரவே ஊற வைத்தால் காலையில் சுண்டல். பிள்ளைகளின் வளர்ச்சிக்கு வேண்டிய புரதச் சத்து இதில் உண்டு.

சட்னிக்கு மாற்றாக இட்லிப் பொடி இருக்கிறது. ஒரு முறை இடித்து வைத்தால் வாரக் கணக்கில் கெடாது. எண்ணெய் தாராளமாக விட்டு வதக்கிய தக்காளித் தொக்கும் சில நாள் தாங்கும்.

வெங்காயம் நறுக்குவது, காய் நறுக்குவது, டிபன் டப்பாவைத் துடைத்து எடுத்து வைப்பது, தண்ணீர் பாட்டிலைத் தேடுவது, இவை எல்லாமே இரவு வேலைகள்தான். காலையில் பாட்டிலின் மூடியைத் தேடி எத்தனை வீடுகளில் எத்தனை நிமிடம் வீணாகிறது!

பாலும் பழமும் சேர்ந்த பலகாரம்

தினம் இட்லி என்றால் பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டும். அதற்கும் ஒரு வழி உண்டு. பாலைத் திரித்து எடுத்த பன்னீரும் பழமும் சேர்ந்த இனிப்புப் பலகாரம் அது. இரவே அவித்து வைத்தால் காலையில் துண்டு போட வேண்டியதுதான்.

நாலு பேருக்கு இந்த அளவு போதும்.

பால் ஒரு லிட்டர். எலுமிச்சம்பழம் ஒன்று. நன்றாகப் பழுத்த வாழைப்பழம் இரண்டு. வறுத்த ரவை அரை டம்ளருக்குச் சற்று மேல். வெல்லத் தூள் நாலு கரண்டி. ஏலக்காய் இரண்டு. உப்பு ஒரு சிட்டிகை.

பாலில் அரை டம்ளரைத் தனியாகக் காய்ச்சி எடுத்து வைக்க வேண்டும். மீதிப் பாலைக் கொதிக்க வைத்து, அடுப்பைத் தணித்து, எலுமிச்சம்பழச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பால் திரிந்து, தெளிந்த தண்ணீர் தனியாகப் பிரியும். சுத்தமான துணியில் வடிகட்டிப் பிழிந்தால் பன்னீர் கிடைக்கும். அதில் ஒரு முறை நல்ல தண்ணீர் ஊற்றி அலசினால் புளிப்புப் போய்விடும். வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசைய அது உதவும்.

பன்னீரையும் வாழைப்பழத்தையும் சேர்த்து நன்றாக மசிக்க வேண்டும். ரவை, வெல்லம், ஏலப் பொடி, உப்பு போட்டு, எடுத்து வைத்த பாலை ஊற்றிக் கலக்க வேண்டும். ரவை ஊறுவதற்குக் கால் மணி விட வேண்டும். முட்டை சாப்பிடுகிற வீடாக இருந்தால் ஒரு முட்டையை அடித்துச் சேர்க்கலாம். முட்டை இல்லாவிட்டாலும் குறை இல்லை. ரவையே பிடித்துக்கொள்ளும்.

நெய் தடவிய பாத்திரத்தில் கொட்டி, இட்லிப் பானையிலோ, வெயிட் போடாத குக்கரிலோ 25 முதல் 30 நிமிடம் அவிக்க வேண்டும். குச்சியால் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். அதுதான் பதம். மின்சார அவன் வைத்திருப்பவர்கள் 180 டிகிரியில் சுமார் 35 நிமிடம் சுட்டு எடுக்கலாம்.

ஆறியதும் மூடிக் குளிர்ப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் வரும். காலையில் துண்டு போட்டு ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் புதிதாகச் செய்தது போல இருக்கும்.

வாழைப்பழத்துக்குப் பதில் ஆப்பிளை வேக வைத்துச் சேர்க்கலாம். பேரீச்சம்பழமும் உலர்ந்த திராட்சையும் சேர்க்கலாம். அன்னாசியும் பப்பாளியும் மட்டும் வேண்டாம். பச்சையாகப் பாலோடு சேர்ந்தால் அவை கசப்பு உண்டாக்கும்.

ரஷ்யாவில் இதற்கு ஓர் அண்ணன் உண்டு. பால் திரட்டு, ரவை, முட்டை, உலர்ந்த திராட்சை சேர்த்து அங்கே சுடுவார்கள். "ஸப்பெகான்கா" என்று பெயர். காலையில் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். குளிர் நாட்டில் சுடுகிறார்கள். இட்லிப் பானை இருக்கிற நாட்டில் அவிக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்!

எதைச் செய்யக் கூடாது?

முன்கூட்டியே செய்வது நல்லது என்பதற்காக எல்லாவற்றையும் செய்து வெளியே வைத்துவிடக் கூடாது. இதில் எச்சரிக்கை தேவை.

தேங்காய்ச் சட்னியை இரவே அரைத்து வெளியே வைத்தால் காலையில் ஊசிப் போகும்.

பழத்தை இரவே நறுக்கி வைக்கக் கூடாது. கறுத்துப் போகும், ஈரமும் வடியும்.

தண்ணீர் ஊற்றாத வெறும் சோற்றை இரவு முழுவதும் வெளியே விடக் கூடாது. சோறு வெந்த பிறகும் சாகாமல் இருக்கிற கிருமி ஒன்று உண்டு. வெதுவெதுப்பில் அது பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். பழைய சோற்றில் புளிப்பு ஏறுவதால் அந்தக் கிருமிக்கு இடம் குறைகிறது. அதற்கும் சுத்தமான தண்ணீர் வேண்டும், சுத்தமான சட்டி வேண்டும். கெட்ட வாடை வந்தாலோ, நூல் விட்டாலோ, யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

சமைத்த பலகாரம் ஆறியதும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப் பெட்டிக்குள் போக வேண்டும். குளிர்ப் பெட்டி இல்லாத வீட்டில் சமைத்ததை வைக்க வேண்டாம். ஊற வைப்பது, அரைப்பது, வறுப்பது, நறுக்குவது, இவற்றை மட்டும் இரவில் செய்தால் போதும். பாதிப் பாரம் அதிலேயே குறையும்.

"நேற்றுச் செய்ததா?"

சில வீடுகளில் ஒரு குரல் எழும். "எனக்குச் சுடச்சுட வேண்டும். நேற்றுச் செய்ததை நான் தொட மாட்டேன்!"

சுடச்சுடச் சாப்பிட ஆசைப்படுவதில் தவறு இல்லை. ஆனால் அந்தச் சூட்டுக்கு விலை கொடுப்பவர் யார்? 4.30 மணிக்கு எழுந்து அடுப்படியில் நிற்பவர் கொடுக்கிறார். சாப்பிடுகிறவருக்குச் சூடு நாக்கில். சமைக்கிறவருக்குச் சூடு உடம்பெல்லாம்!

இப்படிச் சொல்கிறவர்கள் பிஸ்கட்டும் ரொட்டியும் சாப்பிடுவதில்லையா? அவை எந்த ஊரில், எந்த நாளில் செய்தவை என்று கேட்பதில்லையே! தொழிற்சாலையில் என்றைக்கோ செய்தது ருசிக்கிறது. வீட்டில் நேற்று இரவு செய்தது மட்டும் கசக்கிறதா?

வாரம் ஒரு நாள் சுடச்சுடத் தோசை. மற்ற நாளில் எளிய பலகாரம். இந்த ஒப்பந்தம் எந்த வீட்டுக்கும் நஷ்டம் இல்லை.

அந்த அரை மணி யாருடையது?

இப்போதுதான் முக்கியமான இடம் வருகிறது.

இரவில் அரை மணி வேலை என்று சொல்வது சுலபம். அந்த அரை மணியும் அதே தாயின் தலையில் விழுந்தால் என்ன லாபம்? காலைப் பாரம் இரவுப் பாரம் ஆகும். அவ்வளவுதான். தூக்கம் காலையில் கெட்டதுபோய் இரவில் கெடும்!

2019-ம் ஆண்டு மத்திய அரசு ஒரு கணக்கு எடுத்தது. நாட்டு மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு அது. வீட்டு வேலை செய்த பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஏறக்குறைய 5 மணி நேரம்! வீட்டு வேலை செய்த ஆண்கள் 97 நிமிடம் செலவிட்டார்கள். அதிலும் வீட்டு வேலையில் கை வைத்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான்.

இந்த எண்கள் யாரையும் திட்டுவதற்காக அல்ல. ஒரு வழி காட்டுவதற்காக. வீட்டில் கைகள் நிறைய இருக்கின்றன. வேலை செய்யும் கைகள்தான் குறைவாக இருக்கின்றன!

முன்கூட்டிச் செய்யும் வேலைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதைப் பங்கு போட முடியும். காலை 7 மணி அவசரத்தில், பழகாத கையை யாரும் அடுப்பருகே விட மாட்டார்கள். "தள்ளிப் போ, நானே செய்துவிடுகிறேன்" என்றுதான் பதில் வரும். இரவு 8 மணிக்கு அந்த அவசரம் இல்லை. அப்போது பிழை செய்தாலும் திருத்த நேரம் உண்டு. கற்றுக்கொள்ளவும் நேரம் உண்டு.

அரிசி களைந்து ஊறப் போடக் கணவருக்குத் தெரியாதா? மாவில் உப்புப் போட்டுக் கலக்கி வைக்க 12 வயதுப் பையனுக்கு முடியாதா? பன்னீரும் பழமும் மசிப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு. தாத்தா வெங்காயம் உரிக்கலாம். தான் மசித்த பலகாரத்தைத் தானே வேண்டாம் என்று சொல்லும் பிள்ளை அபூர்வம்!

பெண் பிள்ளைக்கு மட்டும் இதைப் பழக்கினால் அது பாதிப் பழக்கம்தான். நாளை வெளியூரில் வேலைக்குப் போய், தனி அறையில் தங்கப் போகிறவன் பையனும்தானே! இட்லி அவிக்கத் தெரிந்தவன் எந்த ஊரிலும் பட்டினி கிடக்க மாட்டான்.

இன்றே தொடங்கலாம்

பெரிய மாற்றம் வேண்டாம். வாரத்தில் இரண்டு இரவுகளில் தொடங்கினால் போதும். ஞாயிறு இரவு மாவு. புதன் இரவு பன்னீரும் பழமும். யார் ஊற வைப்பது, யார் அரைப்பது, யார் பாத்திரம் கழுவுவது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். எழுதப் படிக்கப் பழகும் பெரியவர்களுக்கும் அது ஒரு நல்ல பயிற்சி!

இந்த ஏற்பாடு வெற்றியா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு அடையாளம் இருக்கிறது. பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று பார்த்தால் போதாது. கணவர் நேரத்துக்குக் கிளம்பினாரா என்று பார்த்தாலும் போதாது.

வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது, சமைத்தவளும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாளா? அதைப் பார்க்க வேண்டும்.

அப்படி அவள் உட்கார்ந்த நாளில்தான் அந்த வீட்டில் காலைப் பலகாரம் ஒழுங்காக நடந்தது என்று அர்த்தம்!